உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும் செவிலியர் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற மாதம் தாங்கள் மாணவியர் அனைவருக்கும் வழங்கிய சுற்றறிக்கையையும் அதனுடன் இணைத்திருந்த உறுதிமொழிப் படிவத்தையும் படித்த பிறகு இதை எழுதுகிறேன். மாணவியும் பெற்றோரும் 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டிய அந்தப் படிவத்தின்படி, படிப்புக் காலத்தில் மாணவிக்கு ஏற்படும் மன உளைச்சலுக்கும் அதன் விளைவுகளுக்கும் கல்லூரி எவ்வகையிலும் பொறுப்பாகாது. ஆலோசகரைச் சந்திக்கும் மாணவியின் பெயர் வகுப்புப் பொறுப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கப்படும். உடல்நலம் சரியில்லாமல் வார்டுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் காம்பன்சேஷன் டூட்டி, அதாவது ஈட்டுப்பணி, பார்க்க வேண்டும். கையெழுத்திடாதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று வகுப்புகளில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாகவும் அறிகிறேன். அதை மட்டும் தாளில் எழுதாமல் விட்டது ஏன் என்பது தங்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கான விளக்கத்தை என்னிடம் கேட்க மாட்டீர்கள். விடுதியில் இருக்கும் பிள்ளைகளிடம்தான் கேட்பீர்கள். நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2015இல் தங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து 2019இல் முடித்தவள். இன்று ஓர் அரசு மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் பணியாற்றுகிறேன். தங்கள் மாணவியர் பயிற்சிக்கு வரும் வார்டுகளில் அதுவும் ஒன்று என்பதால், அவர்கள் காலை 7 மணிக்கு எந்த முகத்துடன் உள்ளே வருகிறார்கள், 1 மணிக்கு எந்த முகத்துடன் பேருந்தில் ஏறுகிறார்கள் என்பதை வாரத்தில் ஆறு நாளும் பார்க்கிறவள் நான்.

இந்தச் சுற்றறிக்கைக்குக் காரணமான நிகழ்ச்சி என் வார்டில் நடந்தது. சம்பந்தப்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவியின் சம்மதத்தைப் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு எழுதுகிறேன். கல்லீரல் பாதிப்புடன் சேர்க்கப்பட்டிருந்த ஒரு நோயாளியை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அன்று காலை கஞ்சி கொடுக்கும்போது அந்த மனிதர் ஸ்பூனைப் பிடிக்கத் தடுமாறியதையும், கையை நீட்டச் சொன்னபோது மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டதையும், பகலா இரவா என்று குழம்பியதையும் கவனித்து, "அக்கா, நேத்து இவர் இப்படி இல்லையே" என்று என்னிடம் ஓடிவந்து சொன்னது அந்தப் பெண்தான். நான் மருத்துவரிடம் சொன்னேன். ஈரல் நோய் மூளையைத் தொடுவதன் அறிகுறிதான் அது என்று உறுதிசெய்து, அதற்குத் தரும் லாக்டுலோஸ் மருந்தின் அளவை உயர்த்தி எழுதிவிட்டுப் போனார். பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியரும் தவறவிடக்கூடிய ஒன்றை இருபது வயதுப் பெண் பிடித்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, தன் நோயாளியின் நோயையும் பராமரிப்பையும் மாணவி விளக்கிச் சொல்லும் கேஸ் பிரசன்டேஷன் நடந்தது. படுக்கையைச் சுற்றி 23 மாணவியர் நின்றார்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த அந்தப் பெண், ஆங்கிலத்தில் நோய்க்கூறு விளக்கத்துக்கு வந்தபோது திக்கினார். அடுத்த சொல் வரவில்லை. ஆசிரியை கேர் பிளான் எனும் பராமரிப்புத் திட்டக் கோப்பைக் கட்டிலின் கால்மாட்டில் வீசிவிட்டு, இந்த முறை தெளிவான தமிழில், "இதுகூடத் தெரியாம நீ நர்ஸாகி யாரைக் காப்பாத்தப் போற?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வார்டு முழுவதும் கேட்டது. சற்று நேரத்தில் நோயாளியின் மனைவி என்னிடம் வந்து, "இந்தப் பொண்ணு ஊசி போட வேணாம் சிஸ்டர், நீங்களே போடுங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. படித்த ஆசிரியையே தகுதியில்லை என்று சொல்லிவிட்ட பெண்ணிடம் எந்த மனைவிதான் கணவரின் கையை நீட்டச் சொல்வார்?

பதினொன்றரை மணிக்கு லினன் அறையில், துவைக்கப் போட்டிருந்த விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே அவரைக் கண்டேன். பேச்சு வரவில்லை, கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முந்தைய ஒன்பது நாளில் ஆறு இரவு டூட்டி பார்த்திருந்தார் என்பதும், இரவு முடிந்த ஒவ்வொரு காலையும் 9 மணி வகுப்பில் இருந்திருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவர் ஊருக்குப் போன மறுவாரம் தங்கள் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையில் அந்த ஆறு இரவுகளும் இல்லை, வீசப்பட்ட கோப்பும் இல்லை. "சில மாணவியரின் மனவலிமைக் குறைவு" என்ற ஒரு தொடர் மட்டும் இருந்தது.

மனவலிமை பற்றிப் பேசுவதாக இருந்தால் என் கதையையும் சொல்ல வேண்டும். இதுவரை வெளியில் சொல்லாதது. நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தொடர்ந்து நான்காவது இரவு டூட்டியில், அதிகாலை 2 மணிக்கு, ஆறு நோயாளிகளின் வெப்பநிலை, நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டில் தெர்மாமீட்டரைக் கையில் எடுக்காமலே 98.6 என்று வரிசையாக எழுதினேன். சோம்பேறித்தனம் என்று நினைக்கத் தோன்றும். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஆறு பேரும் மனிதர்களாகத் தெரியவில்லை, நிரப்ப வேண்டிய ஆறு கட்டங்களாகத்தான் தெரிந்தார்கள். ஒன்பதாம் படுக்கைப் பாட்டிக்கு அப்போது நல்ல காய்ச்சல் இருந்தது. நைட் ஸ்டாஃப் சிஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சார்ட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உட்காரச் சொல்லி, தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "வா, ரெண்டு பேரும் சேர்ந்து முதல்ல இருந்து பார்ப்போம்" என்று ஆறு படுக்கைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு நான் பார்க்காமல் எழுதிய வெப்பநிலை ஒன்றுகூடக் கிடையாது. அவர் என்னைப் பற்றித் தங்களிடம் எழுத்தில் கொடுத்திருந்தால், நான் செய்த தவற்றுக்கு அது பொருத்தமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் இன்று நான் இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

எனக்கு அன்று நேர்ந்ததற்கு என்ன பெயர் என்பது தங்கள் கல்லூரிப் பாடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மனநலச் செவிலியப் பாடத்தில் பர்ன்அவுட், அதாவது பணிச்சோர்வு, என்று நடத்துகிறீர்கள். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் அதை மூன்று கூறுகளாகப் பார்க்கிறது. உள்ளுக்குள் எதுவும் மிச்சமில்லாமல் வற்றிப்போவது முதல் கூறு. எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது இரண்டாவது. நான் எதற்கும் லாயக்கில்லை, செய்தது எதுவும் செய்ததாகாது என்ற எண்ணம் குடியேறுவது மூன்றாவது. 98.6 என்று நான் ஆறு முறை எழுதியது இரண்டாவது கூறு; லினன் அறையில் அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வாக்கியமான "எனக்கு ஒண்ணுமே வராதுக்கா" மூன்றாவது. காலையில் அவர் ஒரு நோயாளியின் மயக்கத்தைத் தடுத்திருந்தார் என்பதை நினைவூட்டினேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. தன்மதிப்பு உடைந்தவரிடம் சாதனைப் பட்டியலை வாசிப்பதில் பயனில்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

தன்மதிப்பு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வகுத்த பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் தங்கள் கல்லூரிக்குப் புதிதில்லை. எம்.எஸ்சி. மாணவி ஒருவர் ஆய்வுக்காக அதை எங்கள் வகுப்பிலேயே நிரப்பி வாங்கினார். வகுப்பில் இருந்த ஆசிரியை, "எல்லாரும் பாசிட்டிவா டிக் போடுங்க, காலேஜ் பேரு கெட்டுடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தாளை விநியோகிக்கச் செய்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து நானும் டிக் போட்டேன். கருப்பு ரெக்சின் அட்டையும் தங்க எழுத்துமாக அந்த ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது. அதன்படி எங்கள் வகுப்பின் தன்மதிப்பு மிக உயர்ந்த நிலையில் இருந்திருக்கும்.

இவர்கள் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள் அல்லர், ஆகவே பணிச்சோர்வு என்ற பேச்சு பொருந்தாது என்று தங்கள் தரப்பில் சொல்லப்படுவதாக அறிகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் வகைப்பாட்டைத் திருத்தியபோது பர்ன்அவுட்டை வேலைச் சூழலுக்குரியதாகவே வரையறுத்தது என்பது உண்மைதான். ஆனால் என் வார்டில் ஒரு ஷிஃப்டில் ஒரு ஸ்டாஃப் விடுப்பு எடுத்தால், "ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்கல்ல, சமாளிச்சுக்கோங்க" என்றுதான் எங்களுக்குச் சொல்லப்படுகிறது. படுக்கை விரிப்பது, ஸ்பாஞ்ச் பாத், பெட்பேன், மாத்திரை வாங்கிவர மருந்தகத்துக்கு நடை, ரத்த மாதிரியுடன் லேபுக்கு நடை, எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஆள் குறையும்போது வேலைக்காரராகவும், சோர்ந்து விழும்போது மாணவியாகவும் ஒரே பெண்ணைக் கணக்கில் வைக்க முடியாது. எங்கள் மருத்துவமனையும் இதில் குற்றவாளிதான். அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மதிப்பில்லை.

நாள் எப்படிப் போகிறது என்பதையும் நிர்வாகக் குழுவில் செவிலியம் படிக்காத உறுப்பினர்களுக்காக எழுதுகிறேன். காலை 5 மணிக்கு விடுதியில் குளியலறை வரிசை தொடங்கிவிடும். 6.15க்குக் கல்லூரிப் பேருந்து. 7 முதல் 1 வரை வார்டு. 2 முதல் 5 வரை வகுப்பு. இரவு 7 முதல் 9 வரை கட்டாயப் படிப்பு நேரம். அதன் பிறகு கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் புக், புரொசீஜர் லாக் புக், எல்லாம் கையால் எழுத வேண்டியவை. தேதி தவறிய ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 200 ரூபாய் அபராதம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் பலருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில் எவ்வளவு தங்கள் அபராதக் கணக்கில் சேர்கிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இரட்டை ஈட்டுப்பணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய செவிலியர் குழுமத்தின் விதிப்படி, தேர்வு எழுத 80 விழுக்காடு வருகையும், பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சியில் 100 விழுக்காடு வருகையும் வேண்டும். எந்தக் காரணத்தால் விடுப்பு எடுத்தாலும் அந்த நாளைத் திரும்பச் செய்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே கடினமான விதி. நோயாளியின் நலன் கருதி அதை நான் ஏற்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு நாள் என்பதுதான் அதன் பொருள். ஒன்றுக்கு இரண்டு என்பது தாங்களாகச் சேர்த்துக்கொண்ட தண்டனை. அதன் பலனை வார்டில் நாங்கள் பார்க்கிறோம். டைஃபாய்டு முழுதாக ஆறாத ஒரு மாணவி, டூட்டி ஏறிவிடும் என்று பயந்து டோலோ போட்டுக்கொண்டு வந்து, நோய் எதிர்ப்பு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்து நான் திருப்பி அனுப்பியதற்கு, அன்றைக்கும் அவருக்கு ஆப்சென்ட் போடப்பட்டது.

இப்போது ஆலோசகர். கவுன்சலிங் அறை முதல்வர் அறைக்கு அடுத்து, கண்ணாடிக் கதவுடன் இருக்கிறது. வெளியே ஸ்டூலில் ஒரு ரெஜிஸ்டர். பெயர், ஆண்டு, வந்த நேரம், காரணம் என்று நான்கு பத்தி. காரணப் பத்தியில் யாராவது உண்மையை எழுதுவார்கள் என்று நம்பியா அந்தக் கோடு போடப்பட்டது? நான் படித்த நான்காண்டில் அந்தப் பக்கங்களில் "தலைவலி" என்பதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. அதே மாணவியர் மனநல மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது, நோயாளி சொன்னதை வெளியில் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்தி, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் மனநலச் சிகிச்சை பற்றிய ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்குத் தருகிறது. பதினெட்டு வயது நிறைந்த பெண் ஆலோசகரிடம் போனாள் என்பதை அவள் அனுமதியின்றி வீட்டுக்குத் தெரிவிப்பது எந்த விலக்கில் வருகிறது? வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியாததில்லை. "படிச்சது போதும்" என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பயந்தே இந்தப் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பார்கள்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர் அல்லது உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும், உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்றும், ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. தங்கள் கல்லூரியில் 200க்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். ஆலோசகராக இருப்பவர் வாரத்தில் ஐந்து நாள் அட்மிஷன் பிரிவில் அமர்ந்திருப்பவர். விடுதியில் கண்ணில் படும்படி எழுதியிருப்பது அபராத விவரம் மட்டுமே.

"நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம்" என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். அதே பதிலை நானும் முதல் இரண்டாண்டு என் ஜூனியர்களிடம் சொல்லியிருக்கிறேன் என்பதால் அதன் சுகம் எனக்குத் தெரியும். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நடத்திய கணக்கெடுப்பில், 25,000க்கும் மேற்பட்ட இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தார்கள். அந்தக் கணக்கு மருத்துவ மாணவர்களுடையது. அதே வார்டில், அதே இரவில், அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளைகள் அதில் இல்லை. எண்ணப்படாதவர்களுக்குச் சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோப்பை வீசிய ஆசிரியையின் மீது நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது குழுமத்தின் விதி. அன்று அவர் 23 பேரைத் தனியாக அழைத்து வந்திருந்தார். இரவில் ஆய்வுக்குழு வருகைக்கான கோப்புகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவரும் அவரே. அவரும் வற்றிப்போனவர்தான். அவரைப் பலிகொடுத்துவிட்டு இந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது எளிது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

தங்களிடம் கேட்பவை இவை. உறுதிமொழிப் படிவத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை அந்தந்த மாணவியின் கையில் திருப்பிக் கொடுங்கள். ஹால் டிக்கெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஈட்டுப்பணியை ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று மாற்றுங்கள். இரவு டூட்டி முடிந்த பகலில் வகுப்பு வைக்காதீர்கள். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் யாரையும் போடாதீர்கள். கேஸ் பிரசன்டேஷனை நோயாளியின் தலைமாட்டிலிருந்து எடுத்து டெமான்ஸ்ட்ரேஷன் அறையில் வையுங்கள். அங்கே ஒரு மாணவி ஆங்கிலத்தில் திக்கினால் தமிழில் சொல்லி முடிக்க விடுங்கள். சொல்லை அதன் பிறகு திருத்தலாம். தகுதி பெற்ற ஆலோசகரை நியமித்து, முதல்வர் அறைக்கு அருகில் இல்லாத ஓர் அறையைத் தாருங்கள், ரெஜிஸ்டரை எடுத்துவிடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் அபராத விவரத்தை விடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அபராதத்தை நிறுத்துங்கள். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு நிறையும் வரை, வார்டுக்கு அனுப்பும் குழுக்களைச் சிறிதாக்குங்கள்.

ஊருக்குப் போயிருக்கும் அந்த மாணவிக்குப் பதினொரு நாள் வார்டு பயிற்சி பாக்கி இருக்கிறது. இருபத்திரண்டு நாள் என்று அவர் தந்தையிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பதினொன்றாகத் திருத்தி, எந்தக் கையெழுத்தும் கேட்காமல் அவரைத் திரும்ப அழைத்து இந்த மாதத்துக்குள் கடிதம் அனுப்புங்கள். அந்தப் பதினொரு நாளையும் என் வார்டில் போட முடியுமானால், அவருடைய லாக் புக்கில் கையெழுத்திடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கான அனுமதியை எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் அவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் 2015–19 அணி முன்னாள் மாணவி,
அரசு மருத்துவமனைச் செவிலியர்